நெருப்புக் காய்ச்சல்: ஒரு நோயின் சமூக வரலாறு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டிலே இன்னார் இன்ன கிருமியைக் கண்டார், இன்னார் இன்ன மருந்தை அளித்தார் என்றவாறு அமையும் அவ்வரலாறு, அரசர் பட்டியலையே நாட்டு வரலாறாகக் கொண்ட பழைய நூல்களை எமக்கு நினைவூட்டுகின்றது. அரசரின்றி வரலாறு இல்லை என்று கருதியோர் உழுதவனை மறந்தனர். கிருமியை மட்டும் கண்டோர், அக்கிருமி எந்தக் கிணற்றிலிருந்து எந்த வீட்டுக்குச் சென்றது, ஏன் அந்த வீட்டுக்குச் சென்றது என்பதை மறந்தனர். எமது நாட்டிலே நெருப்புக் காய்ச்சல் என வழங்கும் டைபொயிட் நோயை இந்நோக்கிலே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளர் மருத்துவத் துறையிலே தலையிடுவது பொருந்துமா என வினவப்படலாம். குடிநீர் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது சமூக வரலாற்றின் வினா. அவ்வினாவை எழுப்ப மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

பெயரும் பொருளும்

நோயின் பெயரிலிருந்தே தொடங்கலாம். நாட்கணக்கிலே உடல் நெருப்பாய்க் காயும் தன்மையைக் கொண்டு எமது மக்கள் இதற்கு நெருப்புக் காய்ச்சல் எனப் பெயரிட்டனர். ஐரோப்பியப் பெயரோ நோயாளியின் மனநிலையிலிருந்து பிறந்தது. 'டைபொஸ்' என்னும் கிரேக்கச் சொல் புகையையும், புகைமூட்டம் போன்ற அறிவு மயக்கத்தையும் குறிப்பது. அதிலிருந்து வந்தது 'டைபஸ்'. டைபஸைப் போன்றது 'டைபொயிட்'. இப்பெயரை 1829 இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி ஆவார்.

டைபஸ் பேனாலே பரவுவது. டைபொயிட் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதனை 1837 இல் பிலடெல்பியாவிலே ஜெர்ஹார்ட்டும், 1849, 1850 ஆம் ஆண்டுகளில் இலண்டனிலே வில்லியம் ஜென்னரும் நிறுவினர். ஆயினும் அப்பிரிவினை உடனடியாக எங்கும் ஏற்கப்படவில்லை. எனவே, இங்கிலாந்தின் தொழிலாளர் நிலைபற்றி ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட நூலைப் படிப்போர், அதிலே பேசப்படும் காய்ச்சல் இவ்விரண்டினுள் எது எனத் துணிந்து கூற இயலாது. மேற்குறித்த சேரிகளில் இரண்டுக்கும் இடமிருந்தது. பேனுக்கும் அழுக்கு நீருக்கும் பொதுவான தாயகம் வறுமையே. 1848 இல் மேல் சிலேசியாவிலே டைபஸ் கொள்ளைநோயை ஆராய்ந்த இளம் மருத்துவரான வீர்ஹோவ், அந்நோய்க்குப் பரிகாரமாக ஜனநாயகத்தையும் கல்வியையும் வாழ்க்கை வளத்தையும் விதந்துரைத்தார். இது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நோயின் இயல்பும் அதன் அடையாளமும்

சமூக வரலாற்றை விளங்கிக்கொள்ள நோயின் இயக்கத்தை ஓரளவுக்கேனும் அறிதல் அவசியம். சல்மொனெல்லா டைபி என்னும் பற்றீரியா இந்நோயின் காரணி. இதனை 1880 இல் ஏபெர்ட் நுணுக்குக்காட்டியிலே கண்டார். 1884 இல் காப்கி அதனைத் தனித்து வளர்த்தார். மனிதனையன்றி வேறெந்த உயிரினத்திலும் இது நிலைகொள்வதில்லை. இவ்வொரு செய்தியே எமது வாதத்துக்குப் போதிய அடிப்படையாகும். ஒருவர் நெருப்புக் காய்ச்சலுக்கு ஆளானார் எனின், வேறொரு மனிதரின் கழிவு அவரது வாயை அடைந்தது என்பதே பொருள். இரு மனிதருக்கும் இடைப்பட்ட அப்பாதை கிணறு, குழாய், பால், பனிக்கட்டி, கழுவாத கை ஆகியவற்றினூடாகச் செல்கின்றது. அப்பாதையை அமைப்பது சமூகமே.

வாய்வழி சென்ற கிருமி சிறுகுடற் சுவரை ஊடுருவி இரத்தத்திலே கலந்து, ஈரல், மண்ணீரல், என்பு மச்சை ஆகியவற்றிலே பெருகுகின்றது. தொற்றியதிலிருந்து பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களின் பின்னரே நோய் வெளிப்படும். திடீரென நடுக்கத்துடன் ஏறி இறங்கும் மலேரியாக் காய்ச்சலைப் போலன்றி, இது நாளுக்கு நாள் படிப்படியாக ஏறுவது. தலைவலி, பசியின்மை, உடற்சோர்வு, வெண்படலம் படிந்த நாக்கு, வயிற்றுநோ என்பன உடன் தோன்றும். முதலிலே மலச்சிக்கலும் பின்னர் வயிற்றோட்டமும் காணப்படலாம். காய்ச்சலின் உயர்வுக்கேற்ப நாடி விரையாதிருத்தலும் சில நோயாளரிடம் காணப்படும் குறியாகும். முதல் வார இறுதியிலே மார்பிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும் எனப் பாடநூல்கள் கூறும். வெண்ணிறத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட இக்குறி எம்மவரின் தோலிலே கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

சிகிச்சை கிடையாதவிடத்து மூன்றாவது வாரமே உயிருக்கு ஆபத்தான காலம். குடற்புண்கள் வெடித்துக் குருதி பெருகலாம், குடல் துளைபடலாம், நோயாளி பிதற்றத் தொடங்கலாம். நுண்ணுயிர்கொல்லிகள் வருமுன்னர் பத்துப் பேருக்கு ஒருவரேனும் இறந்தனர். உரிய சிகிச்சை இருப்பின் அத்தொகை நூற்றுக்கு ஒன்றளவிலே நிற்கும். ஆதலால், மூன்று நாட்களுக்கு மேலாக நீடிக்கும் காய்ச்சலை வீட்டிலே வைத்துப் பார்த்தல் தகாது. நோயை உறுதிசெய்ய நம்பத்தக்க வழி இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்தறிதலாகும். 1896 இல் வீடால் கண்ட சோதனை இன்றும் பரவலாக வழங்குகின்றபோதும், அது பிழையான விடைகளைத் தருவதுண்டு. அதனை மட்டும் நம்பி மருந்து கொடுப்பதும் மருந்தை மறுப்பதும் தீங்கு பயப்பன.

ஒரு கிராமத்து மருத்துவரின் சாட்சியம்

கிருமி காணப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளின் முன்னரே நோயின் பாதையைக் கண்டறிந்தவர் வில்லியம் பட். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள நோர்த் டோட்டன் அவரது பிறப்பிடம். அச்சிற்றூரிலே 1839 இல் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது எண்பதுக்கு மேற்பட்ட நோயாளரை அவர் கவனித்தார். வடிகால் வசதியற்ற அவ்வூரிலே எல்லோரும் எல்லோரையும் அறிவர். யார் யாரிடம் சென்றார், யார் எப்போது படுத்தார் என்பது மறையாது. நோயுடன் ஊரைவிட்டு வெளியேறிய மூவர், நோயில்லாதிருந்த வேற்றிடங்களுக்கு அதனைக் கொண்டுசென்றதைப் பட் தொடர்ந்து அறிந்தார். இருவர் மரம் அரியும் தொழிலாளர். ஒருவர் விதவைப் பெண். தொழில் தேடியும் உறவு தேடியும் நடந்த ஏழைகளின் காலடிச் சுவடுகளே அவரது சான்றுகளாயின. நோயாளியின் குடற்கழிவிலேயே நோயின் வித்து உளது. அதனை அழித்தால் நோயை ஒழிக்கலாம் என்பது அவரது முடிபு. 1850களின் பிற்பகுதியிலே கட்டுரைகளாகவும் 1873 இல் நூலாகவும் அதனை வெளியிட்டார்.

அவரது கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. அழுகும் பொருள்களிலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலைத் தோற்றுவிக்கும் என்பது அக்காலத்து ஆதிக்கக் கொள்கை. தொற்றுக் கொள்கையை ஏற்பின் கப்பல்களையும் சரக்குகளையும் தடுத்து வைத்தல் வேண்டும். அது தடையற்ற வணிகத்தை வேண்டி நின்ற முதலாளித்துவத்துக்கு உவப்பானதன்று. எனினும் இவ்விடத்திலே இயந்திரப் பாங்கான முடிபைத் தவிர்த்தல் வேண்டும். நச்சாவிக் கொள்கையினரான சட்விக் முதலானோர் கொள்கையளவிலே தவறியபோதும், நாற்றத்தைப் போக்கும் பொருட்டு வடிகால்களை வேண்டி நின்றனர். அவற்றுட் பல தக்க பயனை நல்கின. வேறு சில வீட்டு மலத்தை ஆற்றிலே கொண்டுசேர்த்து, ஆற்று நீரைக் குடித்தோரை நோயுறச் செய்தன. தவறான கொள்கை சரியான செயலுக்கும், நல்ல நோக்கம் தீய விளைவுக்கும் இட்டுச்செல்லும் முரண்பாடு வரலாற்றிலே புதியதன்று.

ஆளும் வர்க்கம் விழித்தெழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1861 இல் விக்டோரியாவின் கணவர் அல்பேட் இறந்தபோது நெருப்புக் காய்ச்சலே காரணம் என அறிவிக்கப்பட்டது. பிற்கால மருத்துவர் சிலர் அதனை ஐயுறுவர். 1871 இல் பட்டத்து இளவரசர் எட்வேட் இந்நோயால் சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டார். அவருடன் ஒரே மாளிகையிலே தங்கியிருந்த பிரபு ஒருவரும், இளவரசரின் குதிரைப் பணியாளர் ஒருவரும் இறந்தனர். மாளிகைக் குழாயும் சேரிக் கிணறும் நிலத்தடியிலே உறவு பூண்டிருந்தன என்பதை மேல்வர்க்கம் உணர்ந்த காலமிது. 1872, 1875 ஆம் ஆண்டுகளின் பொதுச் சுகாதாரச் சட்டங்களை அரசகுடும்பத்தின் காய்ச்சலால் மட்டும் விளக்கிவிட முடியாது. தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியும் நகரசபைகளின் வளர்ச்சியும் அவற்றின் பின்னணியில் உள்ளன.

நீர் வடிகட்டப்பட்டபோது

மருந்து வருமுன்னரே நோய் தணிந்தது என்பது இந்நோயின் வரலாற்றிலே தலையாய செய்தி. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலே மெரிமாக் ஆற்றங்கரையில் அமைந்த நெசவாலை நகரங்கள் லோவெலும் லோரன்ஸும். மேலே அமைந்த லோவெலின் கழிவு, கீழே அமைந்த லோரன்ஸின் குடிநீராயிற்று. 1890 இல் லோவெலிலே பரவிய நோய் ஆற்றுடன் லோரன்ஸுக்கும் வந்தது. 1893 இல் லோரன்ஸிலே மணல் வடிகட்டி அமைக்கப்பட்டதும் நெருப்புக் காய்ச்சல் மரணங்கள் பெருமளவு வீழ்ந்தன. 1908 இல் ஜேர்சி நகரிலே குழாய் நீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரீன் இடும் முறை தொடங்கியது. இவ்வாறு, கிருமியைக் கொல்லும் மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளின் முன்னரே, பொதுநீர் வழங்கலைத் தமதாக்கிக்கொண்ட நகரங்களிலே இந்நோய் அருகிவிட்டது.

எல்லோருக்கும் அவ்வாறு அமையவில்லை. 1897 இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரிலே 1800 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 132 பேர் இறந்தனர். ஊற்றுகளின் அருகே கூடாரமிட்டிருந்த கூலிகள், பருவகாலத்திலே ஹொப் பறிக்க வந்தோர், நீரை அசுத்தமாக்கினர் எனச் சந்தேகிக்கப்பட்டது. அவர்களுக்கு மலகூடம் அமைத்துக் கொடுக்கவேண்டியோர் யார் என்னும் வினா குற்றச்சாட்டின் ஓசையிலே அமுங்கிப் போனது.

போரும் முகாமும்

ஏகாதிபத்தியத்தின் வரலாற்றிலும் இந்நோய்க்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவிலே நிகழ்ந்த போரிலே பிரித்தானியப் படையினர் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருப்புக் காய்ச்சலுக்கு ஆளாயினர். ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் இறந்தனர். எதிரியின் குண்டுக்குப் பலியானோரை நோய்க்குப் பலியானோர் விஞ்சினர். அசுத்தமான மொடர் ஆற்று நீரைக் குடித்த படை 1900 மார்ச்சிலே புளும்பொன்டெய்னை அடைந்தது. அம்மாத இறுதியிலே நகரின் நீர்நிலையம் போயர் வசமாயிற்று. அதனை அடுத்து மூண்ட கொள்ளைநோயை நேரிற் கண்ட மருத்துவருள் ஒருவர், துப்பறியும் கதைகளால் எம்மவரும் அறிந்த ஆதர் கொனன் டொயில் ஆவார். அல்ம்றொத் ரைட் 1896 அளவிலே ஆக்கிய தடுப்பூசி அப்போதே இருந்தது. படையினருள் மிகச் சிறுபான்மையினரே அதனைப் பெற்றிருந்தனர்.

படையினரின் மரணங்கள் நாடாளுமன்றத்திலே விவாதிக்கப்பட்டன. வேலியிட்ட முகாம்களிலே அடைக்கப்பட்டோரின் கதை வேறு. அங்கே சின்னமுத்து, நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு முதலியவற்றால் ஏறத்தாழ 28,000 போயர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். கறுப்பின மக்களுக்கென வேறாக அமைக்கப்பட்ட முகாம்களிலே இறந்தோர் 14,000 க்கும் அதிகம். அவ்விறப்புகள் முறையாகப் பதியப்படவுமில்லை. எண்ணப்படாமையும் ஒடுக்குமுறையின் ஒரு வடிவமே.

குற்றவாளியாக்கப்பட்ட சமையற்காரி

நோயிலிருந்து மீண்டோருள் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை, பித்தப்பையிலே கிருமியைத் தாங்கி நெடுங்காலம் வெளியேற்றுவர். தம்மளவிலே அவர்கள் சுகதேகிகள். இத்தகையோருள் உலகறிந்தவர் மேரி மலொன். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த இப்பெண் நியூயோர்க்கின் செல்வர் வீடுகளிலே சமையல் செய்து வாழ்ந்தவர். 1906 இலே ஒரு கோடைகால இல்லத்தில் பதினொருவருள் அறுவர் நோயுற்றதையடுத்து இவர் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார். 1907 இல் வலிந்து பிடிக்கப்பட்டுத் தீவொன்றிலே தனித்து வைக்கப்பட்டார். 1910 இல், இனிச் சமையல் செய்வதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டார். சலவைத் தொழிலின் வருவாய் சமையலின் வருவாய்க்கு ஈடாகவில்லை. வேறு பெயரிலே மீண்டும் சமையலுக்குச் சென்றார். 1915 இல் மகப்பேற்று மருத்துவமனையொன்றிலே நோய் பரவியதும் மீண்டும் பிடிபட்டு, 1938 இல் இறக்கும்வரை தீவிலேயே வைக்கப்பட்டார்.

அவராலே நோயும் மரணமும் விளைந்தமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அவ்வாண்டுகளிலே அந்நகரில் இனங்காணப்பட்ட காவிகள் நூற்றுக்கணக்கினர். அவருளே எவரும் இவ்வளவு நீண்டகாலம் சிறைவைக்கப்படவில்லை. தனித்து வாழ்ந்த, வந்தேறியான உழைக்கும் பெண்ணே குறியீடானார். நச்சாவிக் கொள்கை நோயை ஏழையின் வசிப்பிடத்திலே கண்டது. கிருமிக் கொள்கை பாதையைக் காட்டும் ஆற்றல் உடையது. ஆயினும் வர்க்க சமூகத்தின் கையிலே அது ஏழையின் உடலையே சுட்டும் விரலாகவும் மாறிவிடுகின்றது. வேறு பிழைப்புக்கு வழிசெய்யாது தொழிலை மட்டும் பறித்ததே அன்றைய அரசின் தவறு.

எமது கிணறுகள்

இனி எமது மண்ணுக்கு வருவோம். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேலே அமைந்தது. மழைநீர் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. கிணறே வாழ்வின் ஆதாரம். நீரை விரைவாக இறங்கவிடும் அவ்வெடிப்புகள் மலக்குழியின் கசிவையும் வடிகட்டாது இறங்கவிடுகின்றன. சிறு வளவுகளிலே கிணறும் குழியும் அண்மித்து அமையும்போது ஆபத்து பெருகுகின்றது. இலங்கையிலே நெருப்புக் காய்ச்சல் கூடுதலாக அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் பல்லாண்டுகள் இடம்பெற்றமைக்கு இப்புவியியல் ஒரு காரணம். புவியியலை மட்டும் காரணமாகக் கூறி அமைதல் அரைகுறை உண்மையாகும்.

நல்ல தண்ணீர்க் கிணறு யாருடைய வளவிலே இருந்தது? துலாவிலே கைவைக்கும் உரிமை யாருக்கு இருந்தது? ஒடுக்கப்பட்ட சாதியினர் மேற்சாதியினரின் கிணற்றடியிலே குடத்துடன் காத்து நின்று, யாரேனும் அள்ளி ஊற்றினாலன்றி நீர் பெறமுடியாத நிலையை எமது முன்னைய தலைமுறையினர் கண்டுள்ளனர். ஊற்றுவோர் இல்லாதபோது கட்டப்படாத துரவும் குளமுமே கதி. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' எனவே பெயரிட்டமை தற்செயலன்று. 1957 இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நிகழ்ந்த போராட்டங்களும் சுகாதார வரலாற்றுக்கும் உரியவை என நாம் கருதுகின்றோம்.

இங்கு 'சுத்தம்' என்னும் கருத்து தனி ஆய்வுக்குரியது. தீட்டுக் கோட்பாடு அழுக்கை மனிதரிடத்திலே கண்டது; நீரிலே காணவில்லை. எவர் தொட்டார் என்பதை வினவிய சமூகம், மலக்குழி எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்பதை வினவவில்லை. நகரங்களிலே வாளிக் கக்கூசுகளைச் சுமந்து சுத்திசெய்யவெனக் குடியேற்ற ஆட்சியினர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தொழிலாளர், ஊரின் சுகாதாரத்தைக் காத்தனர். ஊரோ அவர்களையே அசுத்தர் என்றது. மலையகத்திலே லயன் அறைகளில் அடைக்கப்பட்ட தொழிலாளர், பீலியின் நீரையும் ஓடையின் நீரையும் நம்பி வாழ்ந்தனர். பல குடும்பங்களுக்கு ஒரு மலகூடம் கிடைத்தாலே பெரிது. தேயிலையின் தரத்தைக் காத்த நிருவாகம் தேயிலை பறித்தோரின் நீரைக் காக்கவில்லை.

எமது வரலாற்றிலே நன்மரபுகளும் உள. மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 1848 இல் தொடக்கிய மருத்துவக் கல்வி 1860களிலே தமிழ்மொழிக்கு மாறியது. மருத்துவ அறிவு மக்கள் மொழியிலே இயலும் என்பதற்கு அது சான்று. 1926 இல் களுத்துறையிலே நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவும், கிராமந்தோறும் கிணறுகளைப் பார்வையிட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், சுதந்திரத்தின் பின் விரிந்த இலவச மருத்துவமும் நோயைத் தணித்தன.

மருந்தின் எல்லை

1948 இல் மலாயாவிலே, புதர்க்காய்ச்சல் எனப்படும் ஒருவகை டைபஸுக்குக் குளோரம்பெனிக்கோலைப் பரீட்சித்த ஆய்வாளர், தம் நோயாளர் சிலருக்கு இருந்தது நெருப்புக் காய்ச்சல் எனப் பின்னர் அறிந்தனர். அவர்களும் குணமாயினர். நூறாண்டுக்கு முன்னர் பிரிக்கப்பட்ட இரு பெயர்களின் மயக்கமே இந்நோய்க்கான மருந்தைக் காட்டியது எனலாம். ஆனால் 1972 இலேயே மெக்சிக்கோவிலும் கேரளத்திலும் அம்மருந்துக்கு அடங்காத கிருமி பரவியது. 1980களின் பிற்பகுதியிலே பல மருந்துகளுக்கும் அடங்காத வகை ஆசியாவிலே பெருகிற்று. 2016 இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலே, வழக்கிலுள்ள மருந்துகளுள் மிகச் சிலவற்றுக்கே கட்டுப்படும் வகை தோன்றியது. சுத்தமான நீரின் இடத்தை மருந்து நிரப்பும் என எண்ணிய காலம் முடிந்துவிட்டது. 2019 இல் உலகிலே ஏறத்தாழ 90 இலட்சம் பேர் நோயுற்றனர் எனவும் 1,10,000 பேர் இறந்தனர் எனவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

தடுக்கும் வழிகள் அரிதானவை அல்ல. நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தல். மலகூடம் சென்றபின்னும் சமைக்குமுன்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல். தெருவிலே விற்கும் பனிக்கட்டியையும் கழுவாத பச்சைக் காய்கனிகளையும் தவிர்த்தல். வெள்ளத்தின் பின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடல். வைத்தியர் பணித்த மருந்தை இடையில் நிறுத்தாது முடித்தல். ஆறுமாதக் குழந்தைக்கும் இடத்தக்க புதிய தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2018 இல் விதந்துரைத்தது. இவற்றை ஒவ்வொருவரும் கைக்கொள்ளல் வேண்டும். ஆனால் விறகு வாங்க இயலாத வீட்டுக்கு நீரைக் கொதிக்கவைக்கச் சொல்லும் அறிவுரை, மேரி மலொனுக்குச் சமைக்காதே எனக் கூறிய அறிவுரையையே ஒத்தது.

பட் தமது ஊரிலே கண்ட உண்மை எளிமையானது: ஓர் ஊரின் நீர் ஊரார் அனைவரையும் ஒரே உடலாக இணைத்துவிடுகின்றது. நீர் ஏற்படுத்தும் அவ்விணைப்பைச் சொத்துரிமையும் சாதியும் மறுக்கலாம், நோய் மறுப்பதில்லை. எல்லோருக்கும் உரிய குழாயும் எல்லோருக்கும் உரிய மலகூடமும் அமையும் நாள்வரை, நெருப்புக் காய்ச்சலின் வரலாறு முடிவுற்ற வரலாறாகாது. அந்நாளை அண்மையிற் கொணர்வது மருத்துவர்க்கு மட்டும் உரிய பணியன்று.